மைக்காளான்

இலத்தூர்
17.11.2025

மலர் அக்காவுக்கு,

என் நம்பரை பிளாக் செய்துவிட்டீர்கள். ஆறு நாள் அடித்துப் பார்த்தேன். தபால்காரரை யாரும் பிளாக் செய்ய முடியாது என்பதால் இதை எழுதுகிறேன்.

ஊரில் ஆளுக்கொன்று பேசுகிறார்கள். உங்கள் காதுக்கு எது வந்ததோ தெரியாது. நடந்ததை நானே சொல்லிவிடுகிறேன். போன திங்கட்கிழமை, பத்தாம் தேதி, காலையில் என் வீட்டுக்காரர் வழக்கம்போலப் பள்ளிக்கூட வேனை எடுத்துக்கொண்டு போனார். உள்ளே பதினோரு பிள்ளைகள். குளத்தங்கரை வளைவில் அவருக்கு முகமெல்லாம் ரத்தச் சிவப்பாகி, நெஞ்சு படபடவென்று அடித்து, வாந்தி எடுத்து, ஸ்டீரிங்கிலேயே சாய்ந்துவிட்டார். வேன் வயலுக்குள் இறங்கிச் சேற்றில் புதைந்து நின்றது. நடவு முடிந்த வயலாக இருந்ததால் பிள்ளைகள் பிழைத்தார்கள். கிதிர் முகம்மது அண்ணன் மகள் அஃப்ரினுக்கு மட்டும் மணிக்கட்டு முறிந்தது. இவருக்கு மூன்று விலா எலும்பு. தென்காசி ஆஸ்பத்திரியில் கிடக்கிறார்.

"வித்தியாசமா எதுவும் சாப்பிட்டாராம்மா?" என்று டாக்டர் கேட்டார். சனிக்கிழமை நாம் பறித்த காளானைச் சொன்னேன். பொய் இல்லையே அக்கா. பக்கத்தில் நின்ற வேன் ஓனர் அதை அப்படியே பிடித்துக்கொண்டு ஊர் முழுக்கச் சொன்னதற்கு நான் என்ன செய்ய?

தோப்பில் பறித்ததைப் புரட்டிப் பார்த்து, "எல்லாம் நல்ல காளான்தான்ட்டி, தைரியமா கொண்டு போ" என்றது நீங்கள். செடி கொடியைப் பற்றிப் படித்த டீச்சர் நீங்கள். நான் பறிக்கிறவள், அவ்வளவுதான். ஏதாவது தவறிப்போயிருக்குமோ என்று உங்களுக்கே ஒரு தடவைகூடத் தோன்றவில்லையா?

இன்னொன்று. நாம் பறித்ததையும் சமைத்ததையும் எழுதி வைக்கும் நோட்டு உங்களிடம்தானே இருக்கிறது? பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். யாரிடமும் காட்ட வேண்டாம்.

ஜெயசித்ரா


குற்றாலம்
21.11.2025

சித்ரா,

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். என் உடம்பு எப்படி இருக்கிறது என்று ஒரு வார்த்தை இல்லை. அதே காளானை நானும் தின்றவள்தானே?

இங்கே நடந்ததை நீ தெரிந்துகொள்ள வேண்டும். பதிமூன்றாம் தேதி வேன் ஓனர் இன்னொரு ஆளோடு என் வீட்டுக்கு வந்து, சமையலறை வாசலில் செருப்போடு நின்று, ஜாடிகளை ஒவ்வொன்றாகத் திறந்து மோந்து பார்த்தார். "டீச்சர், இத்தனை நாளா எங்களுக்கு என்னத்தை ஊட்டுனிய?" என்று கேட்டார். அருவிக்கரை லாட்ஜில் வாங்கி வைத்திருந்த களாக்காய் ஊறுகாய், பிரண்டைத் தொக்கு எல்லாவற்றையும் திருப்பி அனுப்பிவிட்டார்கள். மிதுக்கங்காய் வத்தலைக் கூடப் பிள்ளைக்காரிகள் கோழிக்கும் போடமாட்டோம் என்கிறார்கள். ஆறு வருடம், சித்ரா. நாக்கு அரித்து, வயிறு வலித்து, தோப்பிலும் வரப்பிலும் பறித்த ஒவ்வொன்றையும் நாம் சோதித்துச் சோதித்துச் செய்த ஆறு வருடம்.

இனி நான் கேட்கிறேன், நீ பதில் சொல்.

சனிக்கிழமை நாம் பறித்தது புற்றுக்காளான். வெள்ளிக்கிழமை இடி இடித்ததும் தோப்பில் கறையான் புற்றைச் சுற்றி முளைத்தது. சரிபாதி பங்கு வைத்தோம். என் பங்கை நானும் என் வீட்டுக்காரரும் சாப்பிட்டோம். உன் பங்கை நீயும் சாப்பிட்டிருப்பாய். உனக்கும் ஒன்றும் ஆகவில்லை. அவருக்கு மட்டும் ஏன்? அதுவும் விஷக்காளான் என்றால் சில மணி நேரத்தில், மிஞ்சினால் மறுநாள் வயிற்றைப் பிடுங்கும். சனிக்கிழமை மதியம் தின்றது திங்கட்கிழமை காலை வரை காத்திருந்து, முகத்தைச் சிவக்க வைத்து நெஞ்சை அடிக்குமா?

புற்றுக்காளானோடு வேறு எதையாவது சேர்த்துச் சமைத்தாயா?

நோட்டு என்னிடம்தான் இருக்கிறது. சனிக்கிழமைதான் நீ திருப்பிக் கொடுத்தாய். அதற்கு முன் இரண்டு வாரம் உன் வீட்டில் இருந்தது. செப்டம்பர் மாதத்தில் ஒரு தாள் இல்லை. தையலோடு ஒட்டி, சுத்தமாகக் கிழிக்கப்பட்டிருக்கிறது.

ஜெபமலர்


இலத்தூர்
26.11.2025

மலர் அக்கா,

உங்கள் கடிதம் போலீஸ் சம்மன் மாதிரி இருந்தது. எண்ணி எண்ணிக் கேள்வி கேட்டிருக்கிறீர்கள். புருஷன் ஆஸ்பத்திரியில் கிடக்கும்போது நான் நோட்டில் எந்தத் தாள் இருக்கிறது, எந்தத் தாள் இல்லை என்று பார்த்துக்கொண்டா இருப்பேன்? கணக்கு எழுதக் கிழித்திருப்பேன், அடுப்புப் பற்றவைக்கக் கிழித்திருப்பேன். உங்கள் வீட்டிலும் ஆள் நடமாட்டம் உண்டுதானே?

நான் கேட்பதற்கு நீங்கள் பதில் சொல்லுங்கள். பதினான்காம் தேதி, நான் துணி மாற்ற வீட்டுக்கு வந்திருந்த நேரம் பார்த்து ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறீர்கள். நர்ஸ் சொன்னது. "கண்ணாடி போட்ட டீச்சர் ஒருத்தங்க அரைமணி நேரம் இருந்தாங்க. அண்ணன் அழுதாரு." என் போனை எடுக்க மாட்டீர்கள், என் புருஷனை மட்டும் தனியாகப் பார்ப்பீர்களா? அப்படி என்ன பேசினீர்கள்? அன்றிலிருந்து அவர் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக் கிடக்கிறார். நான் எது கேட்டாலும் "ம்" என்கிறார். என்னைப் பற்றி அவரிடம் என்ன சொன்னீர்கள்?

நான் ஒன்றும் தவறாகச் சமைக்கவில்லை. மிளகு தட்டிப் போட்டு வதக்கினேன். அவ்வளவுதான். சனிக்கிழமை அவருக்கு ஒன்றுமே ஆகவில்லை. ஞாயிற்றுக்கிழமையும் ஒன்றும் ஆகவில்லை. இரண்டு நாளும் வேறு வேலை பார்க்காமல் அவர் முகத்தையேதான் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்குத் தெரியாதா?

அடுத்த மாசம் இருபதாம் தேதிக்குள் எழுந்துவிடலாம் என்று டாக்டர் சொல்கிறார். பொங்கல் கழிந்து மறுபடி வேனை எடுக்கச் சொல்லி ஓனர் ஆள் அனுப்பியிருக்கிறார். இந்த நேரத்தில் பழையதைக் கிளறாதீர்கள்.

ஜெயசித்ரா


குற்றாலம்
1.12.2025

சித்ரா,

உன் வீட்டுக்காரரைப் பார்க்க நானாகப் போகவில்லை. நர்ஸின் போனிலிருந்து அவர்தான் கூப்பிட்டார். வேன் ஓனர் என் வீட்டு வாசலில் நின்றதை யாரோ சொல்லியிருக்கிறார்கள். மனது கேட்கவில்லை போலும்.

கட்டிலில் கிடந்தபடி அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "டீச்சர், உங்க காளான் மேல தப்பில்ல. நான் அன்னைக்குக் காலையில ரெண்டு மூடி ஊத்திக்கிட்டேன். ஸ்டெப்னி டயருக்கு அடியில பாட்டில் கிடக்கும். கை நடுங்குது டீச்சர், அது இல்லாம வளைவுல ஒடிக்க முடியல. சனி, ஞாயிறு அவ கண்ணு என் மேலேயே இருந்துச்சி, அதனால தொடல. திங்கக்கிழமை ரெண்டு நாளு பாக்கியும் சேந்துபோச்சி. சித்ராட்ட மட்டும் சொல்லிராதிய." கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். இன்று அதை மீறுகிறேன். நீ எழுதிய ஒரு வரிதான் மீற வைத்தது.

இரண்டு நாள் அவர் முகத்தையே ஏன் பார்த்துக்கொண்டிருந்தாய், சித்ரா? நல்ல காளானைத் தின்ற மனுஷனை யாராவது அப்படிப் பார்ப்பார்களா?

செப்டம்பரில் உங்கள் வைக்கோல் படப்பின் அடியில் கூட்டமாக முளைத்திருந்த காளான் நினைவிருக்கிறதா? சாம்பல் நிறத்தில், மூடிய குடை போல. பறித்துத் தட்டில் வைத்த கொஞ்ச நேரத்தில் கறுத்து மையாக ஒழுகியது. மைக்காளான் என்று நீதான் பெயர் வைத்தாய். நான் புத்தகத்தில் தேடிச் சொல்லச் சொல்ல நீ நோட்டில் எழுதினாய். கிழிந்தது அந்தத் தாள்தான்.

நீ எப்போதும் பேனாவை அழுத்தி எழுதுகிறவள். அடுத்த தாளில் தடம் விழுந்திருக்கிறது. பென்சிலைச் சாய்த்துத் தேய்த்தேன். உன் கையெழுத்து வெள்ளையாக எழுந்து வந்தது. "சும்மா தின்றால் ஒன்றும் செய்யாது. மது குடிப்பவர் தொடக் கூடாது. தின்ற பிறகு குடித்தால் முகம் சிவக்கும், நெஞ்சு அடிக்கும், மயக்கம் வரும். ஐந்து நாள் வரை."

இதற்கு மேல் நான் எழுதமாட்டேன். நீ எழுது.

ஜெபமலர்


இலத்தூர்
6.12.2025

அக்கா,

நான்தான். தாளைக் கிழித்ததும் நான்தான், மைக்காளானைப் பறித்ததும் நான்தான்.

போன கார்த்திகையில் கோவிலில் சூடத்தை அணைத்துச் சத்தியம் செய்தார், இனித் தொடமாட்டேன் என்று. எட்டு மாசம் நம்பினேன். ஆடியிலிருந்து எனக்குச் சந்தேகம். சட்டைப் பையில் கிராம்பு, காலையிலேயே வாயில் பாக்கு. பறித்ததை மோந்து பார்த்துச் சமைக்கிற நான், புருஷன் வாயை மோந்து பார்க்கிற நிலைமைக்கு வந்தேன். கேட்டால், "ஏட்டி, நீ என்ன டிராபிக் போலீஸா? ஊதட்டுமா?" என்று சிரிப்பார். பரணில் தேடினேன், மாட்டுக் கொட்டகையில் தேடினேன். வேனை நினைக்கவில்லை.

ஓனரிடம் போய்ச் சொன்னேன். "எம்மா, ரெண்டு வருஷமா ஒரு கீறல் இல்லாம ஓட்டுதான். வீட்டுச் சண்டைய இங்கன கொண்டு வராத" என்று அனுப்பிவிட்டார். தினமும் காலையில் அந்த வேன் கிளம்பும்போது பிள்ளைகள் ஜன்னல் வழியே எனக்குக் கை காட்டும். நானும் காட்டுவேன். காட்டிவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்துகொள்வேன். எனக்கு ஒரு சாட்சி வேண்டியிருந்தது அக்கா. அவர் மறுக்க முடியாத சாட்சி.

சனிக்கிழமை காலையில் படப்பின் அடியில் மைக்காளான் முளைத்திருந்தது. நீங்கள் தந்த பங்கைத் தனியாகக் குழம்பு வைத்தேன். மைக்காளானை ஒரு கைப்பிடி பறித்து, மையாவதற்குள் சட்டியில் போட்டு வதக்கி, அவர் தட்டில் மட்டும் வைத்தேன். "என்னடி இன்னைக்கு இவ்வளவு ருசி?" என்றார்.

சனிக்கிழமை சாயங்காலம் வெளியே போய்வந்தார். பார்த்தேன். ஒன்றும் இல்லை. ஞாயிறும் ஒன்றும் இல்லை. அப்போது எனக்கு வந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்ல? அவர் குடிக்கவில்லை, நான்தான் பாவி என்று நினைத்து, ஞாயிறு மதியம் அவருக்குப் பிடித்த கருவாட்டுக் குழம்பு வைத்துப் பரிமாறினேன்.

ஐந்து நாள் என்று எழுதியது என் கை. அது எனக்கு மறந்துவிட்டது என்று உங்களிடம் சொல்லலாம். மறக்கவில்லை. திங்கட்கிழமை சாவியை அவர் கையில் எடுத்துக் கொடுக்கும்போதுகூட ஞாபகம் வந்தது. இன்னும் மூன்று நாள் இருக்கிறதே என்று ஒரு நிமிஷம் நின்றேன். சந்தோஷத்தைக் கெடுத்துக்கொள்ள மனசு வரவில்லை. கொடுத்துவிட்டேன்.

செய்தி கேட்டு நான் ஓடிப் போனபோது வயலில் பிள்ளைகளைத் தூக்கி வெளியே போட்டுக்கொண்டிருந்தார்கள். அஃப்ரின் கையைப் பிடித்துக்கொண்டு சத்தமே இல்லாமல் நின்றாள். அவள் அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் பரவாயில்லையாக இருந்திருக்கும்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டதும் வாயில் வந்தது உங்கள் காளான். அவரைக் காப்பாற்ற என்று அன்று நினைத்தேன். இப்போது யோசித்தால் என்னைக் காப்பாற்றத்தான். முதல் கடிதத்தில் உங்கள்மேல் பழி போட்டு எழுதும்போது, நீங்களே உங்களைச் சந்தேகப்பட ஆரம்பித்தால் நல்லது என்றுகூட நினைத்தேன்.

போலீஸில் சொல்லப்போகிறீர்களா?

சித்ரா


குற்றாலம்
10.12.2025

சித்ரா,

நான் சொல்லமாட்டேன். நான் சொன்னால் அது கோள். நீ போய்ச் சொன்னால்தான் அது நடந்ததாகும்.

என் பங்கையும் எழுதிவிடுகிறேன். நீ காளானின் பெயரை மறைத்தாய். நான் பாட்டிலை மறைத்தேன். அவர் என் கையைப் பிடித்து அழுததும் இரக்கப்பட்டு, பதினேழு நாள் வாயை மூடிக்கொண்டிருந்தேன். அப்படியே மூடிக்கொண்டே இருந்து, பொங்கலுக்குப் பிறகு அவர் மறுபடி வேனில் ஏறியிருந்தால்? உன்மேல் முதல் நாளே எனக்குச் சந்தேகம். உன்னைக் கூப்பிட்டுக் கேட்காமல் நம்பரை பிளாக் செய்துவிட்டு, நீ மாட்டிக்கொள்ளட்டும் என்று நோட்டையும் பென்சிலையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சரியாகக் கண்டுபிடித்தபோது, வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது.

பொங்கலுக்குப் பிறகு அந்த வேனை அவர் தொடக் கூடாது. அதற்குள் நீ முதலில் அவரிடம் சொல். பிறகு கிதிர் முகம்மது வீட்டுக்குப் போ. அதன் பிறகு எங்கே போக வேண்டும் என்று அந்தத் தகப்பனே சொல்வார்.

ஜெபமலர்


இலத்தூர்
4.1.2026

அக்கா,

சொல்லிவிட்டேன். எழுதத்தான் இத்தனை நாளாயிற்று.

அவர் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மறுநாள், கஞ்சி குடித்து முடித்த பிறகு சொன்னேன். தம்ளரைக் கீழே வைத்தார்.

"நீ கேட்டிருக்கலாம்லா?" என்றார்.

"எத்தனை தடவ கேட்டேன்?"

"ஆமா. பொய் சொன்னேன்." பிறகு, "என்னைக் கொல்லப் பாத்தியா ஏட்டி?" என்றார்.

"இல்ல. தெரிஞ்சிக்கிடப் பாத்தேன்."

"அந்த வளைவுல ரெண்டும் ஒண்ணாத்தான இருந்துச்சி" என்றார்.

கிதிர் முகம்மது அண்ணன் வீட்டுக்கு இருவரும் சேர்ந்தே போனோம். இவரேதான் தானும் வருகிறேன் என்றார். அஃப்ரின் கட்டுப் போட்ட கையோடு இடது கையால் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். அவளை உள்ளே போகச் சொல்லிவிட்டு அண்ணன் எல்லாவற்றையும் கேட்டார். கடைசியில் சொன்னார்: "எலும்பு ஒட்டிரும்மா. ஆனா புருஷனும் பொண்டாட்டியும் ஒருத்தர ஒருத்தர் வேவு பாக்கதுக்கு எம்பிள்ளைய ஏத்துன வண்டியா கிடைச்சிச்சி?" அவர் சத்தம் போட்டிருந்தால் தாங்கியிருப்பேன்.

அவரே எங்களோடு ஸ்டேஷனுக்கு வந்தார். எழுதி வாங்கினார்கள். இவருடைய லைசென்ஸை வாங்கி வைத்துக்கொண்டார்கள். இவர் மேல் வழக்கு. என் மேலும் வரும் என்கிறார்கள். பள்ளிக்கூடத்தில் பெற்றோரைக் கூட்டிச் சொல்லச் சொன்னார்கள். நின்று சொன்னேன். "ஜெபமலர் டீச்சர் தந்ததில் ஒரு குறையும் இல்லை, நான் செய்தது" என்று இரண்டு தடவை சொன்னேன். முதல் தடவை பின்வரிசைக்குக் கேட்கவில்லை என்றார்கள். ஒரு அம்மா எழுந்து என்னைத் திட்டினாள். இன்னொருத்தி, "நீயாவது சந்தேகப்பட்ட. நாங்க அதுகூடப் படலயே" என்றாள். எதற்கு அழுவது என்று தெரியவில்லை.

திருநெல்வேலியில் குடியை நிறுத்தும் சிகிச்சைக்கு இவர் வாரம் ஒரு நாள் போகிறார். கை நடுங்குகிறது. ஆனால் போகிறார்.

ஒன்றை மட்டும் உங்களிடம்தான் சொல்ல முடியும். நான் சமைத்ததை அவர் தொடுவதில்லை. பஸ் ஸ்டாண்டில் தோசை வாங்கி வருகிறார், இல்லையென்றால் தானே கஞ்சி வைத்துக்கொள்கிறார். தண்ணீரைக்கூடக் குடத்திலிருந்து அவரே மொண்டு குடிக்கிறார். கோபமாக இல்லை. என்னிடம் நன்றாகத்தான் பேசுகிறார். நேற்று ஒரு தட்டில் சோறு போட்டு வைத்தேன். உட்கார்ந்தார், பிசைந்தார், வாய் வரைக்கும் கொண்டு போனார். கண்ணை மூடிக்கொண்டு திரும்ப வைத்துவிட்டார். "முடியலட்டி, மன்னிச்சிரு" என்றார்.

நான் அவரை நாலு மாசம் சந்தேகப்பட்டேன். இனி எத்தனை வருஷம் அவர் என்னைச் சந்தேகப்படுவாரோ? படட்டும். உங்களிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு யோக்கியதை இல்லை. கேட்காமல் இருக்கவும் முடியவில்லை.

சித்ரா


குற்றாலம்
9.1.2026

சித்ரா,

லாட்ஜிலிருந்து நேற்று ஆள் வந்தது. களாக்காய் ஊறுகாய் இரண்டு பாட்டில் மட்டும் கேட்டார்கள். கொடுக்கும்போது அந்த ஆள் பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான். முன்பெல்லாம் பார்க்கமாட்டான். இனி எல்லோரும் ஒரு தடவை தூக்கிப் பார்ப்பார்கள். பழகிக்கொள்ள வேண்டியதுதான்.

மன்னிப்பைப் பற்றி இப்போது எழுதமாட்டேன். இருக்கிறதா இல்லையா என்று எனக்கே தெரியாததை இருக்கிறது என்று எழுதினால் அதுவும் ஒரு பொய்தான். நாம் இரண்டு பேரும் போதுமான அளவு சொல்லிவிட்டோம்.

பொங்கல் கழிந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் உன் வீட்டுக்கு வருகிறேன். தோப்பிலிருந்தும் வரப்பிலிருந்தும் எதையும் பறிக்காதே. பாவூர்சத்திரம் மார்க்கெட்டில் கத்தரிக்காய் வாங்கு, முருங்கைக்காய் வாங்கு, ஊருக்கே தெரிந்த காய்கறி மட்டும். உன் வீட்டுக்காரரைச் சமையலறையில் உட்காரச் சொல். நீ நறுக்குவதிலிருந்து இறக்குவது வரைக்கும் அவர் பார்க்கட்டும். நானும் பக்கத்தில் இருப்பேன்.

மூன்று இலை போடு. நான் முதலில் சாப்பிடுகிறேன். உண்மையைச் சொன்னால் எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது, சித்ரா. உன் கையிலிருந்து இலையில் சோறு விழும்போது என் கை ஒரு நிமிஷம் தயங்கும். அதை நீ பார்ப்பாய், அவரும் பார்ப்பார். மறைக்கமாட்டேன்.

தயங்கிவிட்டுச் சாப்பிடுவேன்.

உப்பைக் குறைத்துப் போடு. உனக்கு எப்போதும் கை கூடிவிடும்.

மலர்